துறைமுகத்துக்குப் போன மலையும் பேச்சியம்மாளும்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் இருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. பேச்சியம்மாள் அக்கா இறந்துவிட்டார். அனுப்பியவர் கல்குவாரி மேலாளர். கும்பிடும் கைப்படம் ஒன்று, கூடவே ‘ஊருக்குப் பேரிழப்பு’ என்று ஒரு வரி. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவரை மூச்சுத் திணறித் திணறிச் சாகவிட்டவர்களுக்கு என்ன இழப்பு?

அக்காவை அறிந்தவர்களே, அவரைச் சாந்தமானவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்தும்.

தேவாரம் பக்கத்து மலையடியில் அவர் மாந்தோப்பும் எங்கள் தோப்பும் அடுத்தடுத்தவை. எங்கோ கடலோரத்தில் துறைமுகம் கட்டுகிறார்களாம். அலையைத் தடுக்கக் கடலில் கொட்டக் கல் வேண்டுமாம். அதற்காக எங்கள் மலைக்கு வெடி வைத்தார்கள். மாம்பூவெல்லாம் தூசி படிந்து கருகியது. அக்கா வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. “துறைமுகம் வந்தா நாட்டுக்கு நல்லதும்மா” என்று சமாதானம் சொல்ல வந்தார் மேலாளர்.

“நல்லத நாட்டுக்குக் குடுத்துட்டு, தூசிய மட்டும் எதுக்குய்யா எங்க வீட்ல கொட்டுறீக?” என்றார் அக்கா. அந்த ஆள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கல் லோடு இறக்கிவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவர் டீக்கடையில் ஒரு விஷயம் சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய கரையைக் கடல் அரித்து, மீன்பிடிக்கிற சனங்களின் வீடுகள் விழுகின்றனவாம். அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டார். “எங்க மலையக் கொண்டுபோயி அந்தச் சனத்தத் தண்ணிக்குள்ள தள்ளுறீகளா? வெளங்குவீகளாடா?” கடலையே பார்த்திராதவர், அன்று முழுக்க அந்த முகம் தெரியாத மனிதர்களுக்காகத் திட்டித் தீர்த்தார்.

கல் சுமந்த டிப்பர்களில் சில அவருடைய உடன்பிறந்த தம்பி முருகேசனுடையவை. அன்றோடு தம்பி வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார். தம்பி மகள் கல்யாணத்தில்கூட, தாலி கட்டியதும் பட்டினியாக பஸ் ஏறி வந்துவிட்டார். “அவன் சோறு எனக்கு எறங்காது தாயி” என்றார் என்னிடம்.

பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் இறந்த பெண்ணின் உடலை எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். அக்காவை எடுக்கும் நாளில் முருகேசன் சேலையோடு வந்தபோது, அக்காவின் மகள் செல்வி எழுந்து மறித்தாள்.

“மாமா, இனிமே அந்தக் கல்ல ஏத்த மாட்டேன்னு அம்மா காலத் தொட்டுச் சொல்லுங்க. அப்புறம் போத்துங்க.”

“செத்த வீட்ல சோலிப் பேச்சு எதுக்கு ஆத்தா? ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்.”

பெரியவர்கள் மாறி மாறிப் பேசினார்கள். செல்வி அசையவில்லை. முருகேசன் தேம்பித் தேம்பி அழுதார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். கோடி விழாமலே அக்காவை எடுத்தோம்.

செல்வி செய்தது பாவம் என்று இன்னமும் பேசுகிறீர்கள். அக்கா தூசியைத் தின்று இருமிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் வாயிலும் பாவம் என்ற சொல் வரவில்லையே! அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அவருடைய பகை. அதை நான் ஆறவிடப் போவதில்லை.