சிங்கப்பூர் விமானமும் சங்கரன்கோவில் டிக்கெட் கிளார்க்கும்

ரயிலடியில் ராத்திரி டூட்டி பார்க்கிற டிக்கெட் கிளார்க்கிடம் ரயிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். ராத்திரி முழித்திருந்து பிழைக்கிற யாருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும்.

நூல் பிடித்தது

டெய்லர் மீராசாவை டாக்டர் கைவிட்டதும், சிங்கப்பூரில் கடை வேலையிலிருந்த மகன் காசிமுக்குத் தந்தி போயிற்று. செவ்வாய் காலை எட்டு மணி விமானத்தில் புறப்படுவதாகப் பதில் வந்தது. மெட்ராஸுக்கு அந்த விமானம் விட்ட புதிது. எப்போது வந்து சேருவான்? டூட்டி முடிந்து அந்தத் தெருவழியே போன என்னைக் கூப்பிட்டுக் கேட்டார் மீராசா.

பள்ளிக்கூட அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். ஆயிரத்து எண்ணூறு மைல் வந்தது. பேப்பரில் படித்த வேகத்தால் வகுத்தால் எட்டு மணி நேரம். "சாயங்காலம் நாலுக்கு மெட்ராஸில் இறங்குவான். எழும்பூர் போவதற்குள் கொல்லம் மெயில் கிளம்பியிருக்கும். மறுநாள் மெயிலைப் பிடித்து, வியாழன் காலையில்தான் இங்கே" என்றேன்.

"கடலைத் தாண்ட எட்டு மணி நேரம், எழும்பூரைத் தாண்ட ஒரு நாளா? வியாழன் வரைக்கும் நான் இருக்கணுமே, தம்பி!"

தண்ணீர் பிடிக்கிற இடம்

இந்தக் கவலையை, ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் சுடலையிடம் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எஞ்சின் நின்று தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தே பழகியவர்.

"கீழ அம்புட்டுத் தண்ணி கெடக்கே, அண்ணாச்சி, டிரைவர் ஆசைப்பட்டு எறக்கிறாம இருக்கணும்!"

கூடவே போனது

செவ்வாயன்று வீட்டுக்குப் போய்ப் படுக்க மனமில்லை. எனக்கு எப்போதுமே பகலில் தூக்கம் பிடிக்காது. மீராசாவின் கட்டிலருகே அட்லஸை விரித்து உட்கார்ந்தேன். "இப்ப எங்கன வாரான்?" என்று அவர் கேட்கக் கேட்க, நூலில் விரலை நகர்த்திச் சொன்னேன். சுமத்ரா முனையைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடல் வந்துட்டுல்லா? இனி பேச்சுக் குடுக்காதிய. அவன் சின்னதுலயே தண்ணிக்குப் பயப்படுவான்."

கணக்குத் தப்பியது

புதன் காலை மெயில் வந்தது. டூட்டி முடிந்தும் கிளம்பாமல், வாசலில் இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு டிக்கெட்டை நீட்டியவன் காசிம்! "நேத்து மெயிலை எப்படிப் பிடிச்ச?" என்று அவன் தோளை உலுக்கினேன்.

"அங்கன நமக்கு ரெண்டு மணி நேரம் முந்தியே விடிஞ்சிரும்லா, அண்ணாச்சி! அவுக எட்டு மணி, நமக்கு ஆறு!"

நூலுக்கு இது எங்கே தெரியும்? நேற்று நாங்கள் அவனைக் கடலுக்கு நடுவே பிடித்துவைத்திருந்தபோது, அவன் கரைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறான்.

பயணக் களைப்பு

அவனை நானே வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மீராசா மகனின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "பயந்தியாலே?" என்று கேட்டார். ஏறினதும் உறங்கிவிட்டதாகவும், மெட்ராஸில்தான் எழுப்பினார்கள் என்றும் காசிம் வெட்கத்தோடு சொன்னான். கிழவர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது.

"நீ உறங்கினா என்னலே, கடல் பூரா நான்லா முழிச்சிக்கிட்டு வந்தேன்!"

அன்றிலிருந்து விமானத்துக்கு எவ்வளவு நேரமென்று யாராவது கேட்டால், பறக்கிறவருக்கா காத்திருக்கிறவருக்கா என்று கேட்டுக்கொண்டுதான் நூலை எடுக்கிறேன்.