கொக்கு பிடித்துத் தந்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டி வயல்களில் கொக்குகள் என்னென்ன பூச்சிகளைத் தின்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். எனக்குக் கொக்கு பிடித்துத் தந்தவர் ஒரு கண் பூத்த, ஒல்லியான வலைக்காரர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர் புகட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார்.

"இத்தினி உசுர அறுத்து இன்னா சார் பண்ணப் போறே?" என்று ஒருநாள் கேட்டார்.

"பயிரைக் கெடுக்கிற பூச்சியை இது தின்னுதுன்னு காட்டிட்டா, அப்புறம் மருந்தே அடிக்கமாட்டாங்க" என்றேன்.

அவர் நம்பினார். என் அறிக்கையை யாரும் படிக்கவில்லை. அடுத்த போகத்தில் வயலெங்கும் மருந்தடித்தார்கள். ஒரு கூடை நிறையச் செத்த கொக்குகளோடு வலைக்காரர் என் ஆய்வுக் கொட்டகைக்கு வந்தார்.

"நான் புடிக்கல சார். தானா வுயுந்து கெடந்துச்சு. இதையும் அறுத்துப் பாக்கறியா?"

அறுத்தேன். எல்லா வயிற்றிலும் மருந்து வாடையடிக்கும் பூச்சிகள் நிறைந்திருந்தன. சாயங்காலம்வரை அவர் வாசலிலேயே காத்திருந்தார்.