தினம் ஓடுகிற பொருளுக்குப் பொட்டு

முத்தாபுதுப்பேட்டை கஜபதிக்குப் புதுசு என்றால் போதும், கை அரிக்கும். ஆவடியில் தொழிற்சாலை பிட்டர். எது விளம்பரத்தில் வந்தாலும் அடுத்த வாரம் அவர் வீட்டில் இருக்கும். மாட்டிக்கொண்டால் கடலுக்கடியில் கொண்டுபோகும் கண்ணாடி, கேட்டால் பாடும் டப்பா, தூக்கத்தை அளக்கும் மோதிரம் எல்லாம் ஒரு மாதம் வாழ்ந்துவிட்டுப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தன. மனுஷனுக்கு வெட்கமே கிடையாது.

ஒரே ஒரு குறைதான். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவள் அவர் மனைவி பார்வதம். தினம் ஓடுகிற பொருளுக்குத்தான் பொட்டு என்பது அவள் சட்டம். அரிவாள்மனை, மிக்சி, சைக்கிள், ஏன், துடைப்பத்துக்குக்கூட உண்டு. பத்து வருடத்தில் கஜபதி வாங்கிய ஒன்றுக்காவது கிடைத்ததா? இல்லை. அது அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

போன வருடம் தரை கூட்டும் ரோபோ ஒன்றை வாங்கி வந்தார்.

"இதுவும் பரணுக்குத்தானே?" என்றாள் பார்வதம்.

"இது நிக்காதுமே. நின்னா நானே ஊட்டைப் பெருக்குறேன், போதுமா?"

"அப்பால பேச்சு மாறக் கூடாது."

அதிசயமாக, நாற்பது நாள் அது விடாமல் ஓடியது. ஆயுத பூஜையன்று பார்வதமே சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "ஒத்துக்கிறேன்யா. உன் கையாலயே வை."

கஜபதி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு உச்சியில்தான் பொட்டு வைப்பார்கள். பழகிய கை இங்கேயும் உச்சிக்கே போனது. ரோபோவுக்கு அங்கேதான் கண். ஆசை தீர அப்பிவிட்டார்.

வழி தெரியாத ரோபோ பொரித் தட்டில் ஏறி, பூசணிக்காயை முட்டிக்கொண்டு நின்றது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் கரைந்து உள்ளே இறங்கிவிட்டது.

"கண்ணு அவுட்டு அண்ணாத்தே," என்று கைவிரித்தார் அம்பத்தூர் ரிப்பேர் கடைக்காரர்.

பார்வதம் துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சொன்ன சொல்லாயிற்றே. தினமும் ஷிப்டுக்குக் கிளம்புமுன் குனிந்து பெருக்கினார். தீபாவளிக்கும் விடவில்லை, காய்ச்சலிலும் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் குப்பையை விட்டால் மறுபடி பெருக்க வைத்தாள்.

இந்த வருட ஆயுத பூஜையில் மிக்சிக்கு வைத்தாள், சைக்கிளுக்கு வைத்தாள், துடைப்பத்துக்கும் வைத்தாள். பிறகு கிண்ணத்தோடு நேராக அவரிடம் வந்து, நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இன்னாமே இது?"

"ஒரு வருசமா நிக்காம ஓடிகினு கீதே," என்றாள்.