கிருபா டீச்சரின் குரங்குப் பாடம்

மேற்குத் தாம்பரத்தில் கிருபா டீச்சர் வீட்டிலிருந்து கீர்த்தனை உரக்கக் கேட்டால், 'என்ன ஒரு பக்தி' என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொள்வார்கள். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது. உள்ளே அவள் கணவன் எட்மண்ட் பெல்ட்டைக் கழற்றியிருப்பான். அடிவிழும் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று, அடிவாங்குகிறவளையே பாடச் சொல்லி அடிக்கிற மகானுபாவன் அவன். வரி தப்பினால் அதற்கும் சேர்த்து விழும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் கல்யாணம். அவன் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கூடத்திலேயே ஜெபக்கூட்டம் நடத்துவான். வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. கிருபா பெண்கள் ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். முதல் அடி எதற்கு விழுந்தது தெரியுமா? குழம்பில் உப்பு கூடியதற்கு அல்ல. ஆதாமின் விலா எலும்பை எடுத்து ஏவாளைச் செய்ததால், இன்றைக்கும் ஆம்பிளைக்கு இடப்பக்கம் ஓர் எலும்பு குறைவு என்று அவன் பிரசங்கம் செய்தான். ஆட்கள் போனபிறகு, "இல்லைங்க, ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு ஜோடிதான். எங்க லேப்ல எலும்புக்கூடு இருக்கு, எண்ணிப் பார்த்திருக்கேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள்.

உதடு கிழிந்தது.

"நீயே என் எலும்புல செஞ்சவ. என் எலும்பு எனக்குக் கணக்குச் சொல்லுதா?" என்று கேட்டான்.

அவள் ஒன்றும் நாத்திகம் பேசுகிறவள் அல்ல. ஆண்டவர் படைத்தார் என்று உயிருக்கு உயிராக நம்பினாள். மண்ணைப் பிசைந்து ஒரே நாளில் செய்தாலும் படைப்புதான். மீனாக்கி, குரங்காக்கி, லட்சக்கணக்கான வருஷம் பொறுமையாக உட்கார்ந்து செய்தாலும் படைப்புதான் என்பாள். பொறுமை என்கிற வார்த்தையே எட்மண்டுக்கு ஆகாது.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் முத்தாலம்மாளுக்கு மட்டும் அந்தப் பாட்டின் சங்கதி தெரியும். அவள் கொல்லைப்பக்கமாக வருகிறவள்.

"இன்னாமா, நேத்தும் பாட்டா?" என்றாள் ஒருநாள், டீச்சரின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்து.

கிருபா மறைக்காமல் எலும்புக் கதையைச் சொன்னாள். முத்தாலம்மாள் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நாங்க பர்வதராஜன் வம்சம்மா. சிவனுக்கே பொண்ணு குடுத்த வூடு. சாமியே எங்க வாசல்ல வந்து பொண்ணு கேட்டுகினு நின்னுச்சு. எங்க பொம்பள மேல கைய வெச்சவன் எவனும் முழுசா வூடு திரும்புனதில்ல. உன் ஊட்டுக்காரனுக்கு எலும்பக் குடுத்தது யாரு? நாய்க்குப் போட்டா மாதிரி கீது."

கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது.

எழுபத்திரண்டில் பத்தாம் வகுப்புக்கு மனிதனின் தோற்றம் பாடம் நடத்தினாள். ஜெபக்கூட்டத்துக்கு வரும் லாசரஸின் மகள் ஞானஜோதி அந்த வகுப்பில் இருந்தாள். சாப்பிடும்போது, "குரங்குக்கும் நமக்கும் மூதாதை ஒண்ணுதானாம்பா" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். லாசரஸ் நேரே எட்மண்டிடம் போய்ப் பற்றவைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாடியும் எழுந்து, நான் நடத்தினது பொய்னு சொல்லு" என்றான் எட்மண்ட். சனிக்கிழமை அதற்கு ஒத்திகையே நடந்தது. அன்றைக்குப் பாட்டு இல்லை. பெல்ட் விழ விழ அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லவேண்டும். அடி தாங்காமல் சொல்லிவிட்டாள், பாவி மகள். அதையே சபையிலும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. கிருபா எழுந்தாள்.

"ஆண்டவர்தான் நம்மைப் படைச்சார். எப்படிப் படைச்சார்ங்கறதுதான் நான் நடத்தின பாடம். அது பொய் இல்லை."

எட்மண்ட் புன்னகை மாறாமல், "சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை. நாம பாடலாம்" என்றான். அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனான். கதவைக்கூடச் சாத்தவில்லை. லாசரஸ் அடியெடுத்துக் கொடுக்க, கூடம் மொத்தமும் பாடியது. ஆக, இவர்களுக்கு எப்போதுமே தெரியும். உதையைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. எட்மண்ட் அவளைத் தரையில் தள்ளி விலாவில் மிதித்தான். உள்ளே ஏதோ முறிந்தது அவள் காதுக்கே கேட்டது. அவன் மறுபடி காலை ஓங்கியபோது அவள் கையில் அம்மிக்குழவி அகப்பட்டது. முழங்காலில் ஒன்று வைத்தாள். விழுந்தவன் நெஞ்சில் ஒன்று. தாடையில் ஒன்று. அத்தனை வருஷத்து ஆத்திரம் ஓர் அடியோடு நின்றுவிடுமா என்ன?

அவன் சாகவில்லை. பல் போயிற்று, கால் விந்தியது. அவள்மேல் கேஸ் போட்டான். அவளை மிதித்ததற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அவள் அடித்ததற்குக் கூடமே வந்தது.

தீர்ப்புக்கு முன்பு லாசரஸ் வந்தார். "பாடம் பொய், செஞ்சது தப்பு, வருத்தப்படறேன்னு கோர்ட்ல சொல்லிடுங்க சிஸ்டர். எட்மண்ட் சமாதானமாப் போறேங்கறார். உங்க வேலையும் தப்பிக்கும்."

வேலை. அந்த வகுப்பு. கிருபா இரவு பகலாக யோசித்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினாள். துணைக்கு வந்த முத்தாலம்மாளிடமும் அப்படித்தான் சொன்னாள்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கோர்ட்டில் வந்து குவிந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வந்தது ஒருத்தி. ஞானஜோதி யூனிபார்மோடு பின்பெஞ்சில், முத்தாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. டீச்சரைப் பார்க்கப் போகிறேன் என்றதற்கு லாசரஸ் கொடுத்தது அது. அதைக் கிருபாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சொல்லு என்று லாசரஸ் முன்வரிசையிலிருந்து தலையாட்டினார்.

கிருபா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடம் பொய் இல்லை. அடிச்சதுக்கு வருத்தமும் இல்லை ஐயா" என்றாள்.

ஆறு மாதம் போட்டார்கள்.