ஏணிப் பாட்டில் இரண்டு வரி

பெரியவளுக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. பகலில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்" என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மனுஷன் வாயைத் திறந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது பொய்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு ஓட்டலின் முன்கூடத்தில் ஜாஸ் பாடுவாள். அங்கே யாராவது கைதட்டினாலும், தனக்கா, பக்கத்து மேசைக்கு வந்த கேக்குக்கா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

அவளுடைய பாட்டுகள் ஒரே மூச்சில் பதிவானவை அல்ல. பியானோக்காரர் மெட்டுப் போடுவார், இவள் வரி எழுதுவாள். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தேறினால் மரச்சாமான் கடையின் மாடியிலிருந்த பதிவறைக்குப் போவார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தை அடித்த அறை. கீழே ஆணி அடித்தால் மேலே பாட்டு நின்றுவிடும் என்பதால், தச்சர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் பாடவேண்டும். பதிவு செய்கிறவனுக்குப் பட்டப்பெயர் 'காது'. அடுத்த அறையில் குண்டூசி விழுந்தாலும் "யாரது?" என்பான். பின்குரல் பாட அவளுடைய தங்கை, சின்னவள், வருவாள்.

இப்படியே வருஷங்கள் ஓடி, ஓர் இசைத்தட்டுக்குத் தேவையான பாட்டுகள் சேர்ந்துவிட்டன.

"வெளியிட்டுடலாமாம்மா?" என்றார் பியானோக்காரர்.

"எல்லாத்தையும் ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேண்ணா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்க உட்கார்ந்தாள். முதல் பாட்டு பாடியபோது மகள் வயிற்றில் இருந்தாள். நடுவில் ஒரு சொல் துள்ளுகிறதே, அது உள்ளேயிருந்து வாங்கிய உதை. அடுத்த பாட்டு, வேலைக்கென்று வெளியூர் போன கணவர் அங்கே இன்னொரு குடித்தனம் வைத்திருந்தது தெரியவந்த வருஷத்தில் பாடியது. அதை யாரும் சொல்லவில்லை, இவளேதான் மோப்பம் பிடித்தாள். அந்த ஒரு சந்தேகம் பலித்ததிலிருந்து அவளுடைய மற்றச் சந்தேகங்களுக்கும் வீட்டில் மரியாதை கூடிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தது ஏணிப் பாட்டு. படிப்படியாக மேலே ஏறுகிற மெட்டு, அதனால் அந்தப் பெயர். கழுத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பாடியது. "குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தன் குரல் காதில் விழப் பயந்து, ஹெட்போனில் பியானோவை மட்டும் பலமாக வைத்துக்கொண்டு பாடினாள். முடித்ததும், பதிவானதைக் கேட்கத் தைரியமில்லாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அடுத்த வாரம் காது அதைப் போட்டுக் காட்டியபோது விம்மி விம்மி அழுதாள். குரல் போகவில்லை! அந்த நம்பிக்கையில்தான் மறுபடி மேடை ஏறினாள்.

இன்றைக்கு அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரிகள் வந்தபோது, தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வருவது அவளுடைய பழக்கம். தாளம் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவளுடைய சொல் செருப்பைத் தேடும். இந்த இரண்டு வரிகளோ பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி, மிகச் சரியான இடத்தில் விழுந்தன. திரும்பப் போட்டுக் கேட்டாள். குரலின் மேல்தோல் தன்னுடையதுதான். உள்ளே வேறு யாரோ.

காதைத் தொலைபேசியில் பிடித்தாள். "அந்த ஏணிப் பாட்டை முழுசா ஒரே தடவையிலயா எடுத்தோம்?"

"ஏன்க்கா, சத்தம் எங்கயாவது இடிக்குதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"லைன் சரியில்லைக்கா, அப்புறம் பேசறேன்."

லைன் பளிங்கு மாதிரி இருந்தது. பியானோக்காரரிடம் பேசினாள். அவர் கேள்வி முடியும் முன்பே, "அது ரொம்ப அருமையா வந்த பாட்டும்மா" என்று புகழத் தொடங்கிவிட்டார். வலிக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள்தான் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா?

மறுநாள் சின்னவள் வந்தபோது பெரியவள் எதுவும் கேட்கவில்லை. இருவரும் மொட்டை மாடியில் ஈரப் போர்வையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து உதறினார்கள். பெரியவள் ஏணிப் பாட்டை முனகினாள். மேலே மேலே ஏறி, கடைசி இரண்டு வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். சின்னவள், துணிக் கவ்வியை எடுக்கக் குனிந்த வாக்கில், தன்னையறியாமல் மிச்சத்தைப் பாடி முடித்தாள். துல்லியமாக, தாளத்தின் தலைமேல்.

"அந்த ரெண்டு வரி உனக்குக் கிடையாதேடி."

"கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சுக்கா."

"என்னைக் கேட்டவ என்னை மாதிரிதானே பாடணும்? நீ உன்னை மாதிரியே பாடறியே."

சின்னவள் போர்வையின் முனையை விடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு நீ பாடினது அந்த இடத்துல உடைஞ்சு போச்சுக்கா. நீ கிளம்பிட்டே. எவ்வளவு உயரம் போகணும்னு உனக்குக் காட்டறதுக்காக, பியானோ அண்ணா என்னைப் பாடச் சொன்னார். நம்ம குரல் ரெண்டும் ஒண்ணு போலத்தானே, காது அதைச் சேர்த்து வெச்சிட்டான். போட்டுக் காட்டினதும் சொல்லிடலாம்னுதான் இருந்தோம். நீ என்னைக் கட்டிப் பிடிச்சு, குரல் போகலைடின்னு அழுதே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

"மூணு பேருமா சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. நானும் உக்காந்து தின்னிருக்கேன்."

அன்றிலிருந்து தங்கையோடு பேச்சு இல்லை. ஓட்டலுக்கும் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற மாதிரி, அவளுக்கு எந்தப் பாட்டிலும் சின்னவள் குரலே கேட்டது. அதற்குப் பிறகு பாடியவற்றில் எது தன்னுடையது? எங்கெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்? ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டா இத்தனை வருஷம் பாடினோம்? மருத்துவமனையில் இரண்டு பேருக்கு நாள் மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் பதிவறைக்குப் போய் நின்றாள்.

"அன்னைக்கு நான் பாடினதைப் போடு."

"அது அழிஞ்சு போச்சேக்கா."

"ஆணி விழுந்த சத்தத்தைக்கூட நீ அழிக்க மாட்டே. போடுடா."

போட்டான். பரிதாபமாக இருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, துருப்பிடித்த கதவு மாதிரி கிறீச்சிட்டு, பிறகு வெறும் காற்று. உடைந்த குரலிலும் ஓர் அழகு இருக்கும் என்பார்களே, அதெல்லாம் ஒன்றுமில்லை.

"இதை அப்பவே கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றாள்.

"பாட்டை விட்டிருப்பீங்க."

"விட்டிருப்பேன்." அதை ஒப்புக்கொள்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. "சரி, அதுக்கப்புறம் வந்த பாட்டெல்லாம் போடு. பியானோ வேணாம், அவ குரல் வேணாம். என் குரல் மட்டும்."

காது ஒவ்வொன்றாக மற்றச் சத்தங்களை நீக்கிப் போட்டான். துணையில்லாமல் நின்ற குரலை அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். முதலில் பயந்த குரல், போகப் போகத் தடித்த குரல். முன்பைவிடக் கீழே இறங்கி, தாளத்துக்குப் பிந்தியே வந்தது. ஒட்டு எங்கேயும் இல்லை. எல்லாம் அவளேதான். கீழே தச்சர்கள் திரும்பி வந்து சுத்தியலை எடுக்கும்வரை உட்கார்ந்து கேட்டாள்.

இசைத்தட்டு வெளிவந்தது. ஏணிப் பாட்டை நீக்கவில்லை, திரும்பப் பாடவும் இல்லை. அட்டையில் அந்தப் பாட்டுக்கு நேராக இரண்டு பேர் பெயரையும் போடச் சொன்னாள்.

"எனக்கெதுக்குக்கா?" என்றாள் சின்னவள். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"திருட்டுப் பொருளை என் பேர்ல வெச்சிருக்க எனக்கு இஷ்டமில்லை."

மறுபடி பாட்டு, மறுபடி பதிவறை. ஆனால் இப்போதெல்லாம் பாடி முடித்ததும் அவள் வீட்டுக்கு ஓடுவதில்லை. காதின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவன் கையையே பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சின்னவள் கேட்டே விட்டாள். "இன்னும் என் மேல நம்பிக்கை வரலையாக்கா?"

"உன் மேல இருக்கு. உன் நல்ல மனசு மேலதான் இல்லை."

சின்னவள் தன் நாற்காலியையும் இழுத்து வந்து அக்கா பக்கத்தில் போட்டாள். காது பாட்டைப் போட்டான். இருவரும் முதல் வரியிலிருந்து கேட்டார்கள்.