கல்வெட்டு, பக்கம் நான்கு

சம்பளமில்லாத உத்தியோகம் என்று என் மனைவி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக் கொடுத்த கையோடு நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், "தொடங்கியாச்சோ? இண்டைக்கு ஆரோட சண்டை?" என்பாள். இணையத்தில் இருக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு நான் கட்டுரை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன். என்னைப் போல நாலு தேசத்திலும் இருந்து ஆட்கள் எழுதுகிறார்கள், ஒருவருக்கும் ஒரு சதம் கிடையாது. நான் கணக்காளர். கணக்கில் சின்னப் பிழை கண்டாலும் எனக்கு நித்திரை வராது, அந்தக் குணம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. ஆகவே சண்டைக்குக் குறைவில்லை.

நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நாடக நடிகரைப் பற்றிய கட்டுரை. சின்ன வயதில் வானொலி நாடகத்தில் அந்த மனிதர் ஒரு சிரிப்புச் சிரித்தால் நான் எழுந்து அடுப்படிக்கு ஓடிவிடுவேன், அப்படிப்பட்ட குரல். அவரைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆத்திரத்தில்தான் எழுதத் தொடங்கினேன். கையில் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று, அவருடைய கல்வெட்டு.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கவென்று குடும்பத்தார் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்பார்கள். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, மருமக்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பெயர்கள், கடைசியில் நன்றி நவிலல். அதைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். உயிரோடு இருக்கும்போது வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத சனம், கல்வெட்டில் மட்டும் வெண்பாவே பாடிவிடும். என் மாமனார் அந்த நடிகரின் அந்தியேட்டிக்குப் போனவர், அவர் வீட்டு அலுமாரியில் அது கிடந்தது. பிறந்த ஊர், பிறந்த நாள், மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லாம் அதிலிருந்து எடுத்து எழுதினேன். அடிக்குறிப்பில் "கல்வெட்டு, பக்கம் 4" என்று போட்டேன்.

கட்டுரை சில காலம் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் அதில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அவர் முதலில் கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த இன்ன பெண்ணைத் தேவாலயத்தில் மணந்தார், அவர்களுக்கு ஒரு மகள் உண்டு என்று. நான் அதைப் பார்த்து யோசிப்பதற்குள் தமிழ்நாட்டிலிருந்து எழுதும் மூத்த தொகுப்பாளர் ஒருவர் அதை நீக்கிவிட்டார். நேரில் கண்டதில்லை, ஆனால் எழுத்தில் நன்றாகத் தெரியும். மிக மரியாதையான மனிதர், மரியாதையாகவே கழுத்தை அறுப்பார். "கல்வெட்டுச் சான்றுக்கு முரணான தகவல்" என்று காரணம் எழுதியிருந்தார்.

வரி மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. பிறகு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு பெண் எழுதினார்: "நான் அவருடைய மகள். என் தாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?" அதற்கு அந்த மூத்த தொகுப்பாளர் எழுதிய பதில்: "அம்மையீர், தங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆயினும் கல்வெட்டே இருக்கும்போது வாய்மொழியை ஏற்க இயலாது."

அந்த "கல்வெட்டே" என்ற ஏகாரம் என்னை உறுத்தியது. குடும்பத்தார் அச்சடித்த புத்தகத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஏகாரம்? மறுநாள் எனக்கே அவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. "வணக்கம் ஐயா. அந்தக் கல்வெட்டின் ஒளிப்படம் ஒன்றைப் பதிவேற்ற இயலுமா? எவ்வூரில் நடப்பட்டுள்ளது? பக்கம் நான்கு என்பது தூணின் நான்காம் பக்கம்தானே?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். வாசித்துக் காட்டினேன். "ஐயோ கடவுளே, கல்லில வெட்டினதெண்டு நினைச்சிட்டாரோ பாவம்!" என்று அவளும் சிரித்தாள். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவர்களுடைய ஊரில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டினதுதான், அரசாங்கம் ஏதோ நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறது என்று எண்ணியிருக்கிறார். ஆனால் சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இல்லாத ஒரு தூணைக் காட்டியல்லவா அந்தப் பெண்ணை வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம்?

அந்த மகளுக்கு எழுதினேன். தொலைபேசி இலக்கம் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ஒடுங்கிய ஒழுங்கை, இரண்டு அறை வீடு. மகளுக்கு என்னைவிட வயது கூட, ஆகவே அக்கா என்றேன். தாய் முன்னறையிலேயே கட்டிலில் இருந்தார். மெலிந்து போன உடம்பு, ஆனால் முகத்தில் பவுடர் பூசியிருந்தது. நான் வருகிறேன் என்று பூசச் சொன்னாராம். ஒரு காலத்தில் அவரும் மேடையில் நடித்தவர், அங்கேதான் இருவருக்கும் பழக்கம்.

"நீங்கதானா அவரப் பத்தி எழுதினது?" என்று கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. அவர்ட குரலப் பத்தி எழுதினத மூணு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் திட்டினார். ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போன மனிதர் அங்கே தாய் தகப்பன் பேசிவைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டார், இவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் என்பதுதான் அங்கே குற்றம். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "உங்கட அந்தக் கல்வெட்டப் பார்த்தேன் தம்பி, ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்பினாரு. 'கொழும்பில் சில காலம் கலைப்பணி ஆற்றினார்' எண்டு ஒரு வரி. அந்தச் சில காலத்துல பொறந்தவ நான்."

"விடு மகள்" என்றார் தாய். "அவர் கெட்டவர் இல்ல. பயந்தவர், அவ்வளவுதான்."

மகள் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இந்த லேன்ல இன்னும் அம்மாவ அவர் வச்சிருந்த பொம்பள எண்டுதான் சொல்றாங்க. மாதா கோயில்ல வச்சுக் கலியாணம் கட்டினவங்க தம்பி. அவங்க கண்ண மூட முந்தி அந்தப் பக்கத்துல அவங்க பேர் ஒரு வரி வரணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

தேவாலயத்து விவாகப் பத்திரத்தைக் காட்டினார். கையொப்பங்கள் தெளிவாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் அவருக்கு எங்கள் விதியை விளக்கினேன் பாருங்கள், அந்த நேரத்தில் என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். பத்திரத்தை நாங்களே பார்த்து முடிவு செய்யக் கூடாது. யாராவது ஒருவர் எழுதி, அது எங்கேயாவது அச்சில் வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எழுதலாம்.

"அப்ப இது பொய்யா?"

"பொய் எண்டு நான் சொல்லேல்ல அக்கா."

"உண்மை எண்டும் போட மாட்டீங்க."

"பேப்பரில எங்கயாவது வந்திருந்தா..."

"பேப்பர்ல வரணும்" என்று தனக்குள் சொல்வது போல் அவர் ஒருமுறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உரையாடல் பக்கத்தில் நீளமாக எழுதினேன். கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன, அதை யார் எழுதுவது, யார் காசில் அச்சிடுவது, யாருடைய பெயர் விடுபடும் என்று எல்லாம் விளக்கினேன். குடும்பத்துக்குப் பிடிக்காதது ஒன்றும் அதில் வராது, ஆகவே அதில் இல்லை என்பதற்காக ஒரு பெண்ணை இல்லை என்று சொல்ல முடியாது என்று முடித்தேன். எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. தொகுப்பாளர் உடனே பதில் போட்டார். தம் அறியாமைக்கு வருந்துவதாகவும், ஈழத்து வழக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். பிறகு கட்டுரையைத் திறந்து பார்த்தேன். குடும்பம் என்ற பகுதியே இல்லை. பிறந்த நாள் இல்லை, பிறந்த ஊர் இல்லை. "குடும்பத்தினரே அச்சிட்ட நூல்; ஏற்க இயலாது" என்று நான் சொன்னதையே காரணமாக எழுதி, கல்வெட்டை அடியோடு எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீதி கேட்கப் போனால் வழக்கையே எரித்துவிட்டு அமைதி என்பார்கள் போலிருக்கிறது! நாலைந்து நாள் அவரோடு மல்லுக்கட்டினேன். ஒரு மனிதர் பிறக்கவே இல்லாமல் நடிக்க வந்தாரா என்று கேட்டேன். "தங்கள் சினம் புரிகிறது ஐயா, தக்க சான்று கிடைத்ததும் சேர்ப்போம்" என்றார். அந்த மரியாதையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் சொல்லுறதிலயும் என்ன பிழை?" என்று மனைவி கேட்டாள். பிழை இல்லை என்பதுதான் என் எரிச்சல்.

பழைய பத்திரிகைகளைத் தேடி நூலகத்துக்குப் போனேன். தூசி தும்மலோடு ஒரு நாடக விமர்சனம் அகப்பட்டது. அதில் அந்த அம்மாவின் நடிப்பை இரண்டு வரி புகழ்ந்திருந்தார்கள். யாருடைய மனைவி என்று இல்லை. விமர்சகருக்கு அது எதற்கு?

மகளுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"ஊர்ல இருக்கிற அவர்ட பிள்ளைங்க பேரையும் எடுத்துட்டீங்களா?"

"ஓம் அக்கா. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"ஐயோ, அத நான் கேக்கலயே தம்பி. அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சாங்க? எங்கட அம்மாவயும் சேர்த்துப் போடுங்க எண்டுதானே கேட்டேன்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டுரையின் பக்கமே போகவில்லை. வெட்கமாக இருந்தது. நடிப்பைப் பற்றியும் குரலைப் பற்றியும் நான் எழுதியது மட்டும் அநாதை போல அங்கே கிடந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது மகளிடமிருந்து செய்தி வந்தது, அம்மா போய்விட்டார் என்று. மனைவியும் வருகிறேன் என்றாள். இருவருமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஒழுங்கையில் வெள்ளைக்கொடி நனைந்து தொங்கியது. முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் பெட்டி. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு யாரோ கவனமாகப் பவுடர் பூசியிருந்தார்கள், அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் அழுது ஓய்ந்த முகத்தோடு வந்து என் மனைவியின் கையைப் பிடித்தார். பிறகு உள்ளே போய் மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து வந்து என்னிடம் தந்தார். மரண அறிவித்தல் பக்கம். சின்னதாகத் தாயின் படம், கீழே பெயர். அதற்கும் கீழே, "காலஞ்சென்ற நாடகக் கலைஞர்" என்று தொடங்கி, அந்த மனிதரின் முழுப் பெயரையும் போட்டு, "அவர்களின் அன்பு மனைவியும்" என்று இருந்தது.

"பேப்பர்ல வந்துட்டு தம்பி" என்றார். "இப்ப ஆதாரம் இருக்குதானே? இது போதுமா?"

செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பத்தார் காசு கட்டிப் போடும் அறிவித்தல். கல்வெட்டுக்குச் சொன்ன காரணம் இதற்கும் அப்படியே பொருந்தும். அந்த மரியாதையான மனிதர் இதை ஒரு நாளும் ஏற்கமாட்டார்.

"ஓம் அக்கா, காணும், இது போதும்" என்றேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் விதிகள் அத்துப்படி.

"இப்பவே போட ஏலுமா? பெட்டி மூட முந்தி?"

வாசலில் தாழ்வாரத்துக்குக் கீழே நின்று தொலைபேசியில் கட்டுரையைத் திறந்தேன். பேப்பரைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு வரியைத் தட்டினேன், அடிக்குறிப்பில் பத்திரிகையின் பெயரையும் போட்டேன். சேமித்ததும் மகளிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்றது.

"அம்மாட பேர் முடியிறது 'ட்டா', தம்பி. அவங்க கடைசி வரைக்கும் அப்படித்தான் கையெழுத்து வச்சாங்க. பேப்பர்காரங்கதான் உங்கட யாழ்ப்பாணத்துல இங்கிலீஷ் பேர எழுதுற மாதிரி 'ற்றா' எண்டு போட்டுட்டாங்க. நானும் இப்பதான் கவனிக்கிறேன்."

"அதுக்கென்ன அக்கா, ஒரு நிமிசத்தில மாத்தலாம்" என்று தொலைபேசிக்குக் கை நீட்டினேன்.

அவர் தரவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. மாத்தினா பேப்பர்ல அப்படி இல்லயே எண்டு எடுத்துடுவாங்க. பிழையாவே இருக்கட்டும்."