பெயர் சொன்னால் திரும்பும் தலை

குளோரின் வாசனை எனக்கு நீச்சல் குளத்தை நினைவூட்டுவதில்லை. ஒரு தலையை நினைவூட்டுகிறது. ஜொகூர் பாருவில் என் அடுக்குமாடிக்குக் கீழே குளத்தில் மருந்து கொட்டும் காலைகளில் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். சாத்தினாலும் வருகிறது. கூடவே, துண்டு விரித்த ஒரு கேண்டீன் மேசையும், அதன்மேல் கழுத்துவரைக்கும் மட்டும் இருந்த ஒருவரும் வருகிறார்கள். ஒருவர் என்று எழுதலாமா தெரியவில்லை. அது என்று எழுதக் கை வரவில்லை.

கூலாயிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த நீர்விளையாட்டுப் பூங்கா. அதை உண்டாக்கியவரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே. ஒற்றை ராட்டினத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகத் திருவிழாவுக்குப் போனவர். பிறகு நிலம் வாங்கி, குளம் வெட்டி, சறுக்குக் குழாய்கள் நட்டு, ராட்டினத்துக்கும் அங்கேயே ஓர் இடம் கொடுத்து நிறுத்திவிட்டார். பூங்காவின் தமிழ் அறிவிப்புகளையும் வானொலி விளம்பரங்களையும் நான் எழுதிக் கொடுப்பேன். அவரே பேசுவார். காலையில் கேட்டைத் திறப்பதும் அவரே. நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "மழ வரும் போலிருக்கே, நாளைக்கு வாங்களேன்" என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார். ஒருநாள் அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனை வரைக்கும் போனார். திரும்பவில்லை.

வருஷத் திதி முடிந்த மறுவாரம் அவர் மகன் போன் செய்தார்.

"அங்கிள், திங்கக்கெழம வாங்க. பார்க் மூடியிருக்கும், நிம்மதியா பேசலாம். சாப்பாடும் ஏற்பாடு பண்ணிட்டேன்."

அந்த வீட்டில் எனக்கு எப்போதும் தேநீர்தான். திடீரென்று சாப்பாடு போடுகிறவர் அதோடு வேறொன்றையும் விழுங்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தபடியே வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். ஒவ்வொன்றையும் முந்தும்போது ஒரு சந்தேகம் கூடியது. ஏன் மூடிய நாள்? போனில் சொல்லக்கூடாத அளவுக்கு என்ன விஷயம்?

ஓடாத சறுக்குக் குழாய்களுக்குக் கீழே குளம் அசையாமல் கிடந்தது. குளோரின் நெடி கேண்டீன் முழுக்க நிறைந்திருந்தது. உள்ளே அண்ணனின் மனைவி. நான் அவரை அக்கா என்பேன். மகன். டிக்கெட் கவுண்டரில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் அம்மாள். அடுப்படியில், கேண்டீனைக் கவனிக்கும் அவர் கணவர். இயந்திரத் தலை செய்யும் சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து வந்த ஒரு சீனப் பெண், மடிக்கணினியோடு. நடுமேசையில் அண்ணன்.

நரையைச் சரியாக வைத்திருந்தார்கள். காதோர மச்சம்கூட இருந்தது. அண்ணனுடைய இடது கண் கொஞ்சம் சோர்ந்து தொங்கும். அதை மட்டும் திருத்தியிருந்தார்கள். யாரைக் கேட்டுத் திருத்தினார்கள்?

"கேட்ல அப்பா உக்காந்த எடத்துலயே வைக்கப் போறோம் அங்கிள்," என்றார் மகன். "ஒடம்பு பின்னால வரும். தலைய திருப்பும், வரவேற்கும். மலாய், தமிழ், சீனம், இங்கிலீஷ். அப்பா இல்லாம கேட்டே செத்துக் கெடக்குது. எங்க அந்தப் பெரியவருன்னு வர்றவங்க கேக்கறாங்க லா."

கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு அந்தப் பக்கமாகப் போனபோது கார் நிறுத்துமிடம் பாதி காலி.

"கொரல்?" என்றேன்.

"அதான் பிரச்சன. வெளம்பரத்துல இருக்கறது எல்லாமே கத்திப் பேசுனது. சாதாரணமா பேசுனது வேணுமாம். அப்பா அம்மாவுக்கு மட்டுந்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரு. எல்லாம் அம்மா போன்ல இருக்கு. ஒரு வாரம் போன குடுத்தா போதும்."

அக்கா கைப்பையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். அன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பையைத்தான் சுற்றியது. வேறெதைப் பற்றிப் பேசினாலும்.

முதலில் மாலையைப் பற்றிப் பேசினார்கள். டிக்கெட் கவுண்டர் அம்மாள்தான் ஆரம்பித்தார். "மொதலாளிக்கு மாலை போடறதா வேணாமா? போடலன்னா மரியாத இல்ல. போட்டா செத்தவங்க படம் மாதிரி ஆயிடும். படம் பேசுனா புள்ளைங்க அலறும்ல."

"மாலையெல்லாம் வேணாம். தொப்பி போடுவோம்," என்றார் மகன்.

"தொப்பியா? கல்யாணத்துக்கே தலப்பா கட்டமாட்டேன்னு அடம் புடிச்சவரு," என்றார் அக்கா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"சரி, இது பேசறத யாரு எழுதப் போறா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அங்கிள்."

சாப்பாட்டின் விலை தெரிந்துவிட்டது.

"அண்ணன் பாதிக் கேள்விக்குப் பதிலே சொல்ல மாட்டாரு. சும்மா பாத்துக்கிட்டு இருப்பாரு. அதையும் எழுதட்டுமா?"

மகன் சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பதில் வராவிட்டால் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று மக்கள் நினைத்துக்கொள்வார்கள் என்றாள். நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்குப் பயமாக இருந்தது. மௌனத்தைப் பழுது என்று எண்ணுகிற இடத்தில் அண்ணன் எப்படி உட்காருவார்?

பிறகு ஓட்டிக் காட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மகன் தன் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். தலை திரும்பியது. கழுத்துக்குள் பல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு யாரோ ஒருவரின் இரவல் குரலில், "வணக்கம். வாங்க, வாங்க."

டிக்கெட் கவுண்டர் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"இப்ப நீங்க கூப்டுங்கம்மா," என்றார் மகன்.

அக்கா பையோடு எழுந்து தலைக்கு எதிரே போய் நின்றார். வெகுநேரம் அந்தக் கண்ணையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "என்னங்க."

தலை அசையவில்லை.

"என்னங்க, இங்க பாருங்க."

"பேர சொல்லணும்மா. பேர சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்."

அக்கா மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவார். சிங்கப்பூர் எல்லையில் அதிகாரி கேட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தோளை இடித்துச் சொல்ல வைப்பார். அப்படிச் சொன்ன பிள்ளைதான் இப்போது எதிரே நிற்கிறார். அவருடைய மனைவி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அதில் யாருக்கும் ஒன்றும் இல்லை. காலம் அப்படி. ஆனால் அம்மாவின் வாயில் அந்தப் பெயர் வராது என்பதை, நான்கு மொழி யோசித்தவர்கள், மச்சத்தை யோசித்தவர்கள், ஒருவரும் யோசிக்கவில்லை.

மகன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "சொல்லுங்கம்மா. இனிமே என்ன? அப்பாதான் இல்லையே."

"இல்லாதவரத்தான் கொண்டாந்து வச்சிருக்கேங்கற. இருக்காருன்னா நான் பேர் சொல்ல மாட்டேன். இல்லன்னா நான் எதுக்கு இதக் கூப்டணும்?"

மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். எப்படி விளக்கினாரோ, அவள் உடனே தலையாட்டினாள். ஒரு சிக்கலும் இல்லை. மேடம் எப்படிக் கூப்பிடுவாரோ அதையே வைத்துவிடலாம் என்று மடிக்கணினியில் தட்டினாள். இப்போது, என்று கையைக் காட்டினாள்.

"என்னங்க," என்றார் அக்கா.

தலை திரும்பியது. கண்கள் கொஞ்சம் தேடி, அக்காவின் முகத்தில் வந்து நின்றன.

அக்காவின் ஒரு கை பையை விட்டு முந்தானைக்குப் போனது. அன்றைக்கெல்லாம் நான் மகனைச் சந்தேகித்தேன், கம்பெனியைச் சந்தேகித்தேன். அந்தக் கணத்தில் அக்காவையே சந்தேகித்தேன். இது அவருக்குப் பிடித்துப்போய்விடுமோ? இன்னொரு தரம் கூப்பிடுவாரோ? பையைத் திறந்துவிடுவாரோ?

டிக்கெட் கவுண்டர் அம்மாளுக்கு அக்கா மயங்கி விழப் போகிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். அடுப்படிப் பக்கம் பார்த்துத் தன் கணவரை விளித்தார். "என்னங்க, அம்மாவுக்குத் தண்ணி கொண்டாங்க."

அண்ணனின் தலை அக்காவை விட்டுவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பியது. "வணக்கம். வாங்க, வாங்க."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கிளாஸோடு வெளியே வந்த கணவர் வாசலிலேயே நின்று, "என்னையா கூப்ட்ட, மொதலாளியையா?" என்றார். மகன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சீனப் பெண்ணும், ஏனென்று தெரியாமலே, சிரித்தாள்.

அக்கா கிளாஸை வாங்கிக் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம கேட்ல எத்தன குடும்பம் வரும்?"

"நெறைய வரும்மா."

"எத்தன பொம்பளைங்க என்னங்கன்னு கூப்டுவாங்க? அத்தன பேருக்கும் இவரு திரும்புவாரா?"

"அது மெஷின்மா."

"அப்ப எனக்குத் திரும்புனது?"

அக்கா விடவில்லை. "நீ மொதமொத என்னன்னு கூப்ட்ட இத?"

"பேர சொல்லித்தான்."

"மொதமொத."

மகன் மடிக்கணினியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "அப்பான்னு. சிங்கப்பூர்ல, அவங்க வேல செய்யற எடத்துல. திரும்புச்சு. அப்பறம் இவங்கதான் வேணாம்னாங்க. பார்க்ல எல்லாப் புள்ளையும் அப்பா அப்பான்னுதான் கத்தும், நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிக் கழுத்தே போயிடும்னு. ஒரு தடவதாம்மா கூப்ட்டேன்." பிறகு, "எனக்கு அப்பா ஒரு வாய்ஸ்கூட அனுப்புனதில்ல," என்றார்.

பாதி காலியாக இருந்த கார் நிறுத்துமிடத்தை மட்டும் வைத்து நான் இவரை அளந்திருந்தேன். அந்த அளவை இப்போதும் முழுக்கத் தூக்கிப்போடவில்லை. அதுவும் உண்மை, இதுவும் உண்மை. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்க இடம் இருந்தது.

"கூடவே இருந்த," என்றார் அக்கா. "பக்கத்துல நிக்கறவனுக்கு யாராவது மெசேஜ் அனுப்புவாங்களா?" மகனின் சட்டைக் காலரை, அது சரியாகவே இருந்தும், இழுத்துச் சரிசெய்தார். "வேணும்னா செலையா வை. உக்காந்து இருக்கட்டும். திரும்ப வேணாம். பேச வேணாம். போன நான் தரமாட்டேன்."

மகன் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசினார். மறுப்பைச் சொல்வதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் பேசினார். அவள் அந்தத் தலையைப் பெட்டிக்குள் இறக்கி, துண்டை முகத்தின்மேல் போர்த்தினாள், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல. அவ்வளவு பதமாகப் போர்த்தியிருக்க வேண்டாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

சாப்பிட்டோம். மட்டன் பெரட்டல் நன்றாக இருந்தது. எழுதுவது பற்றி யாரும் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

கார் வரைக்கும் அக்கா கூட வந்தார். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கேண்டீன் வாசலில் மகனும் அந்தப் பெண்ணும் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்த பிறகு அக்கா பையிலிருந்து போனை எடுத்தார். திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது.

"தம்பி, இதுல சார்ஜே நிக்க மாட்டேங்குது. கெட்டுப் போச்சுன்னா உள்ள இருக்கறது எல்லாம் போயிடுமா?"

"போயிடலாம்கா. வேற போனுக்கு மாத்தி வச்சுட்டா நல்லது. கடையில குடுத்தா..."

"கடையில வேணாம். அவரு பேசுனத கேட்டுருவாங்க."

"அப்ப நானே வீட்டுக்கு வந்து மாத்தித் தரேன். நான் கேக்கமாட்டேன்கா."

என்னை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். வேன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கார் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"மகன் வேலைக்குக் கெளம்புனப்பறம் வாங்க."